மூலக்கூறு நோயைத் தேடி: லினஸ் பாலிங்கின் அன்றாடக் கடிதங்களை வாசிக்கும் முறை

சிவப்பு ரத்த அணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகும் அரிவாள் செல் ரத்தசோகையை ஒரு 'மூலக்கூறு நோய்' என்று தலைப்பிலேயே அறிவித்த கட்டுரை, 1949ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் தேதியிட்ட 'சயின்ஸ்' இதழில் வெளியானது. அமெரிக்க வேதியியலாளர் லினஸ் பாலிங், அவருடன் பணியாற்றிய ஹார்வி இட்டானோ, ஜொனாதன் சிங்கர், ஐபர்ட் வெல்ஸ் ஆகிய நால்வர் அதை எழுதியிருந்தனர். ஒரு நோயின் வேர் உறுப்பிலோ கிருமியிலோ அல்லாமல் ஒரு புரத மூலக்கூறின் அமைப்பிலேயே இருக்கக்கூடும் என்று அக்கட்டுரை காட்டியது. கட்டுரையைப் படிப்பவருக்கு முடிவு தெரிந்துவிடும். ஆனால் அந்த முடிவுக்கு முன்னும் பின்னும் ஆய்வாளர்கள் எதை எதிர்பார்த்தார்கள், யாரிடம் எதைக் கேட்டார்கள், எந்த எதிர்பார்ப்பைப் பிறகு சத்தமின்றிக் கைவிட்டார்கள் என்பதை அறிய வேண்டுமானால் கடிதங்களுக்குத்தான் போக வேண்டும். அப்படிப் போக விரும்பும் அறிவியல் வரலாற்று மாணவருக்கும் கட்டுரையாளருக்கும் உதவும்படி இந்தக் குறிப்பு எழுதப்படுகிறது. பாலிங்கை எடுத்துக்காட்டாக வைத்துச் சொல்லப்பட்டாலும், கார்பன் பிரதிகளைப் பத்திரப்படுத்தி வைத்த எந்த இருபதாம் நூற்றாண்டு அறிவியலாளருக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

பாலிங்கின் தாள்களும் அவருடைய மனைவி ஏவா ஹெலனின் தாள்களும் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், கொர்வாலிஸ் நகரிலுள்ள ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் உள்ளன. தாம் இளங்கலை படித்த அந்த நிறுவனத்துக்கே 1986இல் பாலிங் அவற்றை வழங்கினார். ஏறத்தாழ ஐந்து லட்சம் உருப்படிகள் கொண்ட அந்தத் தொகுப்பில் 46 ஆய்வுக் குறிப்பேடுகளும் அடக்கம். கடிதங்கள் எழுதியவர் அல்லது பெற்றவர் பெயரின் அகரவரிசையில் பெட்டிகளாகவும் கோப்புறைகளாகவும் அடுக்கப்பட்டுள்ளன. ஒரு குறிப்பிட்ட மனிதருடன் நடந்த கடிதப் போக்குவரத்தைத் தேடுபவருக்கு இந்த அடுக்கு வசதியானது; ஒரு குறிப்பிட்ட நாளில் என்ன நடந்தது என்று தேடுபவருக்கு இது பெரும் தொல்லை.

முதலில் அறிவியலின் எலும்புக்கூடு

கடிதப் பெட்டியைத் திறக்கும் முன், அந்த ஆய்வின் வரிசையை ஒரு தாளில் எழுதி அருகில் வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஒரு கடிதத்தில் 'இது இன்னும் உறுதியாகவில்லை' என்று வரும்போது எது உறுதியாகவில்லை என்பதே விளங்காது. அரிவாள் வடிவச் செல்களை சிகாகோ மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக் 1910இல் முதன்முதலாக மருத்துவ இதழில் விவரித்தார். 1945இல், போருக்குப் பிந்தைய மருத்துவ ஆய்வுக் கொள்கை பற்றிய குழு ஒன்றில் உடன் இருந்த ஹார்வர்டு மருத்துவர் வில்லியம் காஸில் அந்த நோயைப் பற்றிப் பேச, பாலிங் கேட்டார். ஆக்சிஜன் குறைந்த ரத்தத்தில்தான் செல்கள் வளைகின்றன என்ற ஒரு செய்தி, 1936இலேயே சார்லஸ் கொரியெலுடன் ஹீமோகுளோபினின் (ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதத்தின்) காந்தப் பண்புகளை ஆராய்ந்திருந்த பாலிங்குக்குப் போதுமானதாக இருந்தது. குற்றவாளி செல் அன்று, உள்ளே இருக்கும் ஹீமோகுளோபினே என்று அவர் ஊகித்தார். 1946இல் மருத்துவப் பட்டம் பெற்ற இட்டானோ, பாலிங் பணியாற்றிய கால்டெக்குக்கு (பாசடேனா நகரிலுள்ள கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்துக்கு) ஆய்வு மாணவராக வந்தார். போர்க்காலத்தில் ஜப்பானிய வம்சாவளியினரை அடைத்துவைத்த முகாமொன்றிலிருந்து வெளியேறி மருத்துவம் படித்தவர் அவர். 1947இல் சிங்கர் சேர்ந்தார். 1949 ஏப்ரலில் அமெரிக்க தேசிய அறிவியல் கழகக் கூட்டத்தில் முடிவு அறிவிக்கப்பட்டது. புரதத்தின் கட்டுமான அலகுகளான அமினோ அமிலங்களில் மாறியிருப்பது எது என்பதை 1956-57இல்தான் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் வெர்னன் இங்ரம் கண்டுபிடித்தார்.

இந்த வரிசையில் 1949க்கும் 1957க்கும் இடையிலுள்ள காலத்தைச் சிவப்பு மையால் குறித்துக்கொள்ளுங்கள். கடிதங்களில் நம்பிக்கை மிகுதியாகப் பேசப்படுவது இத்தகைய இடைவெளிகளில்தான்; சான்று கைக்கு வந்த வாரத்தில் யாரும் நம்பிக்கையைப் பற்றி நீட்டி எழுதுவதில்லை.

ஒரு தாளைப் பார்க்கும் விதம்

வந்த கடிதமும் அனுப்பிய கடிதமும் ஒரே கோப்புறையில் கிடந்தாலும் அவை ஒரே வகை ஆவணங்கள் அல்ல. வந்த கடிதம் மூலப் பிரதி: நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட தடித்த தாள், மையில் கையொப்பம், சில வேளைகளில் ஓரத்தில் பெற்றவர் பென்சிலால் இட்ட குறிப்பு. அனுப்பிய கடிதமோ பெரும்பாலும் வெங்காயத் தோல் போன்ற மெல்லிய தாளில் பதிந்த கார்பன் பிரதி. அதில் கையொப்பம் இராது. தட்டச்சு முடிந்தபின் மூலத்தில் கையால் சேர்த்த வரியும் இராது. கீழே இடப்பக்கத்தில் சொன்னவரின் முதலெழுத்துகளும் தட்டச்சு செய்தவரின் முதலெழுத்துகளும் சேர்ந்து காணப்படும். அந்த இரண்டாவது முதலெழுத்துகளைக் கவனியுங்கள். தேதி விடுபட்ட ஒரு பிரதியை, அந்தச் செயலாளர் பணியில் இருந்த ஆண்டுகளை வைத்தே ஓரளவு இடம் சேர்த்துவிடலாம்.

பாலிங் தம் கடிதங்களில் பெரும்பகுதியை வாயால் சொல்லித் தட்டச்சு செய்விப்பவர். சொல்லப்பட்ட கடிதத்துக்கு ஒரு தனி நடை உண்டு: வாக்கியம் நேராகப் போகும், திருத்தம் குறைவு, ஒரே நாளில் ஐந்து பேருக்குப் போன கடிதங்களில் ஒரே சொற்றொடர் திரும்பவும் வரும். இப்படித் திரும்பி வரும் சொற்றொடர் அன்றைக்கு அவர் மனத்தில் முழுமையாக உருவாகிவிட்ட கருத்தைக் காட்டும். ஆகவே அதை வெறும் சலிப்பு என்று தள்ளிவிடாமல், எந்தத் தேதியில் முதலில் தோன்றியது என்று குறித்துக்கொள்வது பயன் தரும்.

தேதிகளில் ஓர் எச்சரிக்கை. அமெரிக்கக் கடிதத்தில் 4/5/49 என்றிருந்தால் அது ஏப்ரல் 5. அதே எண்கள் இங்கிலாந்திலிருந்து வந்த கடிதத்தில் இருந்தால் மே 4. கேம்பிரிட்ஜுக்கும் பாசடேனாவுக்கும் இடையே போய்வந்த கடிதங்களை அடுக்கும்போது இந்த ஒரு மாத வித்தியாசம் யார் யாருக்கு முதலில் சொன்னார் என்பதையே தலைகீழாக்கிவிடும்.

நாள் வரிசையில் அடுக்குதல்

ஆள் வரிசையில் இருப்பதை நாள் வரிசைக்கு மாற்றுவதுதான் இந்த வேலையில் மிகவும் அலுப்பூட்டுவது. மிகவும் பலனளிப்பதும் அதுவே. காப்பகம் பாலிங்கின் வாழ்க்கைக்கு நாள்வரிசைப் பட்டியல் ஒன்றைத் தொகுத்திருக்கிறது; அதை அடித்தளமாக வைத்துக்கொண்டு உங்கள் பொருளுக்குரிய கடிதங்களைத் தனி அட்டையில் அல்லது விரிதாளில் ஏற்றலாம். ஒவ்வொரு பதிவிலும் தேதி, அனுப்புநர், பெறுநர், எழுதப்பட்ட ஊர், பெட்டி எண், கோப்புறை எண், ஒரு வரிச் சாரம் ஆகியவை போதும். சாரத்தில் உங்கள் கருத்தைச் சேர்க்காதீர்கள்.

இப்படி அடுக்கியவுடன் வேறொரு மனிதர் தெரிவார். ஹீமோகுளோபினைப் பற்றிய கடிதத்துக்கு அருகிலேயே விரிவுரை அழைப்பை ஏற்றோ மறுத்தோ எழுதிய வரிகளும், பாடநூல் அச்சுப் படிகளைப் பற்றிய கடிதமும், மாணவருக்கான பரிந்துரையும், அரசியல் முறையீடும் வந்து நிற்கும். 1952இல் அமெரிக்க வெளியுறவுத் துறை அவருக்குக் கடவுச்சீட்டு மறுத்தபோது, புரத அமைப்பைப் பற்றி லண்டனில் நடக்கவிருந்த கூட்டத்துக்கு அவரால் போக முடியவில்லை. அந்த மாதங்களின் கடிதங்களைப் பொருள்வாரியாக மட்டும் படிப்பவருக்கு ஆய்வு ஏன் திடீரென்று மெலிந்தது என்பது புரியாது. அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்தக் கோரி ஆயிரக்கணக்கான அறிவியலாளர்களின் கையொப்பங்களை 1958 ஜனவரியில் ஐ.நா.விடம் அளித்த நாட்களுக்கும் இது பொருந்தும். நேரம் எங்கே போயிற்று என்பதற்குக் கடிதக் கட்டு ஒரு நேர்மையான கணக்கேடு.

மௌனங்களையும் அதே வரிசையில்தான் படிக்க வேண்டும். ஒரே கட்டடத்தில் வேலை செய்தவர்கள் ஒருவருக்கொருவர் கடிதம் எழுத மாட்டார்கள். பாலிங்கும் இட்டானோவும் தாழ்வாரத்தில் நின்று பேசியது எந்தப் பெட்டியிலும் கிடைக்காது. 1948இன் முதற்பாதியில் பாலிங் ஆக்ஸ்போர்டில் வருகைப் பேராசிரியராக இருந்தார். ஹீமோகுளோபின் ஆய்வோ பாசடேனாவில் நடந்துகொண்டிருந்தது. இத்தகைய பிரிவுக் காலங்களை முதலில் தேடுங்கள். இடையில் ஒரு கடல் இருந்தால்தான் நேரில் சொல்லியிருக்கக்கூடியது தாளில் இறங்கும். மறுபுறம், கடிதமே இல்லாத ஒரு மாதத்தைக் கண்டதும் ஆய்வு நின்றுவிட்டது என்று முடிவு கட்டுவது புதிதாக வாசிப்பவர்கள் பலர் செய்யும் பிழை.

யாருக்கு எழுதிய நம்பிக்கை?

இந்த முறையின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. ஒரே மனிதர் ஒரே வாரத்தில் ஒரே ஆய்வைப் பற்றி மூன்று பேருக்கு எழுதினால், மூன்று கடிதங்களிலும் நம்பிக்கையின் அளவு மூன்று விதமாக இருக்கும். அதில் பொய் எதுவும் இல்லை. நிதி வழங்கும் அறக்கட்டளைக்கு எழுதும்போது ஆய்வின் எதிர்காலப் பயன் முன்னால் நிற்கும். ரத்த மாதிரி கேட்டு மருத்துவருக்கு எழுதும்போது அளவு, பாதுகாக்கும் முறை, அனுப்பும் வழி ஆகியவை முன்னால் நிற்கும். போட்டியாளரான சக வேதியியலாளருக்கு எழுதும்போது சொல்லப்படாததே கனமாக இருக்கும். பயணத்தில் இருக்கும்போது மனைவிக்கு எழுதிய கடிதத்தில் சலிப்பும் உற்சாகமும் ஒப்பனையின்றி வரும். ஆனால் அங்கே அறிவியல் விவரம் குறைவு.

எனவே ஒவ்வொரு கடிதத்தையும் படித்தபின், அதில் ஆய்வைப் பற்றி வரும் கூற்றுகளை மூன்றாகப் பிரித்தெழுதுங்கள்: ஏற்கெனவே செய்து முடித்தது, இப்போது மேசைமேல் நடப்பது, நடக்கும் என்று எதிர்பார்ப்பது. நன்றாக எழுதப்பட்ட நிதி விண்ணப்பத்தில் இந்த மூன்றும் ஒன்றோடொன்று இழையும்படி எழுதப்பட்டிருக்கும்; அவற்றைப் பிரிப்பதே உங்கள் வேலை. பாலிங்கைப் பொறுத்தவரை ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் வாரன் வீவருடன் நடந்த நெடுங்காலக் கடிதப் போக்குவரத்து இந்தப் பயிற்சிக்கு மிகவும் ஏற்றது. வீவர் கணிதம் கற்றவர். இயற்பியல், வேதியியல் முறைகளை உயிரியலுக்குள் கொண்டுவர வேண்டும் என்பதில் அவருக்கே ஒரு திட்டம் இருந்தது. ஆகவே பாலிங் எழுதிய எதிர்பார்ப்புகளில் எவ்வளவு பாலிங்கின் உள்ளத்திலிருந்து வந்தது, எவ்வளவு வீவர் கேட்க விரும்பியது என்ற கேள்வியை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும்.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. நிதி கேட்டு எழுதியது என்பதற்காகவே ஒரு நம்பிக்கையைப் போலி என்று ஒதுக்குவது மேதாவித்தனமே தவிர விமர்சனம் ஆகாது. பாலிங் 1941இல் கடுமையான சிறுநீரக நோயால் படுத்தவர். ஸ்டான்ஃபோர்டு மருத்துவர் தாமஸ் ஆடிஸ் விதித்த குறைந்த புரத உணவுக் கட்டுப்பாட்டால் மீண்டவர். உடலுக்குள் போகும் வேதிப்பொருள்களின் அளவை மாற்றினால் நோயின் போக்கு மாறும் என்பது அவருக்கு ஏட்டுச் செய்தி அன்று. 1950களில் அவர் நோய்களை மூலக்கூறுகளின் வழியாகப் பேசும்போது அந்த அனுபவம் பின்னால் நிற்கிறது என்று நான் கருதுகிறேன். ஆதாரம் காட்டி நிறுவக்கூடியதாக இல்லாவிட்டாலும், வாசிப்பவர் மனத்தில் கொள்ளத்தக்கது.

குறிப்பேட்டையும் கட்டுரையையும் பக்கத்தில் வைத்தல்

கடிதத்தில் 'வித்தியாசம் தெளிவாகத் தெரிகிறது' என்று வந்தால், எந்த வித்தியாசம், எந்த அளவு என்று உடனே சரிபாருங்கள். இட்டானோவும் சிங்கரும் பயன்படுத்தியது ஸ்வீடனின் அர்னே டிசீலியஸ் வகுத்த எலக்ட்ரோஃபோரஸிஸ் முறை. ஆங்கில யூ எழுத்து வடிவக் குழாயில் புரதக் கரைசலுக்கு மேல் தெளிந்த தாங்கல் கரைசல் (அமிலத்தன்மை மாறாமல் காக்கும் கரைசல்) நிற்கும்; மின்சாரம் செலுத்தியவுடன் இரண்டுக்கும் இடையிலுள்ள எல்லைக்கோடு மெல்ல நகரும்; அந்த நகர்வு ஒளியின் வளைவாக, ஒரு மேடு போன்ற கோடாக, புகைப்படத்தில் பதியும். அமிலத்தன்மை அளவு (pH) 6.9 ஆக இருந்த கரைசலில் இயல்பான ஹீமோகுளோபின் ஒரு பக்கமும் அரிவாள் செல் ஹீமோகுளோபின் எதிர்ப்பக்கமும் நகர்ந்தன. பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் அந்த மரபணுவைப் பெற்றவர்களின் ரத்தத்தில் இரண்டு மேடுகளும் தெரிந்தன. ஒரு மூலக்கூறுக்குச் சுமார் மூன்று மின்சுமைகள் அளவுக்கு வேறுபாடு இருக்கலாம் என்று கட்டுரை மதிப்பிட்டது. வேறுபாடு ஹீமோகுளோபினின் இரும்பு கொண்ட பகுதியான ஹீமில் அன்று, குளோபின் என்ற புரதப் பகுதியில் இருக்கக்கூடும் என்றும் வாதிட்டது. அதற்கு மேல் கட்டுரை உறுதியாக எதையும் நிறுவவில்லை.

இதைத் தெரிந்துகொண்டு 1950களின் தொடக்கத்துக் கடிதங்களுக்குத் திரும்பினால், எதிர்பார்ப்பு எங்கே சிக்கிக்கொண்டது என்பது விளங்கும். புரதத்தை முழுவதுமாகச் சிதைத்து அமினோ அமிலங்களை எண்ணும் வேலையைக் கால்டெக்கில் வால்டர் ஷ்ரோடரும் உடன் பணியாற்றியோரும் 1950லேயே செய்து பார்த்தார்கள். மின்சுமை வேறுபாட்டை விளக்கும் மாற்றம் எதுவும் அதில் அகப்படவில்லை. காரணம் இன்று தெரியும். ஹீமோகுளோபினின் 574 அமினோ அமிலங்களில் மாறியிருப்பவை இரண்டே. இரு பீட்டா சங்கிலிகளிலும் ஒவ்வோர் இடத்தில் குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வேலின் இருக்கிறது. அந்தக் காலத்து எண்ணும் முறையின் பிழை எல்லைக்குள்ளேயே இந்த மாற்றம் மறைந்துபோனது. இங்ரம் புரதத்தை டிரிப்சின் என்ற நொதியால் துண்டுகளாக நறுக்கி, தாளில் மின்புலத்தாலும் கரைப்பானாலும் இரு திசைகளில் பரப்பிப் பார்த்ததால் இடம் மாறிய ஒரே ஒரு புள்ளியைக் கண்டார். பாசடேனாக் குழுவின் எதிர்பார்ப்பு சரியானது. கையிலிருந்த கருவி போதவில்லை. இந்த இரண்டையும் வேறுபடுத்தாமல் எழுதும் வரலாறு, வென்றவர் தோற்றவர் கதையாகச் சுருங்கிவிடும்.

நினைவுக் கடிதங்களுக்கும் அன்றன்று எழுதிய கடிதங்களுக்கும் சமமான எடை கொடுக்காதீர்கள். காஸிலுடன் நடந்த அந்த 1945 உரையாடல் எங்கே நடந்தது, என்ன சொல்லப்பட்டது என்பதை இருவரும் பல ஆண்டுகள் கழித்து நினைவுகூர்ந்தபோது விவரங்கள் முழுமையாக ஒத்துப்போகவில்லை. செல்கள் வளையும்போது அவற்றில் ஒளியின் இருமுறிவு (ஒரு கதிர் இரண்டாகப் பிரிவது) தென்படுகிறது என்ற செய்தியையும் தாம் சொன்னதாகக் காஸில் கூறினார். பாலிங்கின் நினைவில் தங்கியது ஆக்சிஜனைப் பற்றிய பகுதி. இத்தகைய இடத்தில் இரண்டையும் பதிவு செய்துவிட்டு மேலே போவதே முறை.

நம்பிக்கை வழி மாறும் இடங்கள்

அரிவாள் செல்லில் கிடைத்த வெற்றியை மனநோய்களுக்கும் மனவளர்ச்சிக் குறைபாட்டுக்கும் நீட்ட முடியும் என்று பாலிங் நம்பினார். ஃபீனைல்கீட்டோன்யூரியா அதற்கு முன்மாதிரியாக இருந்தது. 1934இல் நார்வேயின் அஸ்பியோர்ன் ஃபோலிங் கண்ட அந்நோயில் ஒரு நொதியின் குறைபாடு மூளையைப் பாதிக்கிறது. உணவைக் கட்டுப்படுத்தினால் பாதிப்பு குறையும் என்பதும் 1950களில் தெரிந்துவிட்டது. 1956இல் ஃபோர்டு அறக்கட்டளை இந்த ஆய்வுக்கென நாலரை லட்சம் டாலர் வழங்கியது. வாக்களித்த திசையில் பெரிய கண்டுபிடிப்பு வரவில்லை. அதற்குப் பதில் மூளையைப் பற்றிய அந்தச் சிந்தனையிலிருந்து, செனான் போன்ற மந்த வாயுகூட மயக்கம் தருவது எப்படி என்பதைப் பற்றி அவர் 1961இல் வெளியிட்ட கோட்பாடு கிளைத்தது. நாள் வரிசையில் படிப்பவருக்கு இந்தத் திருப்பம் இயல்பாகத் தெரியும்; விண்ணப்பத்தையும் இறுதி அறிக்கையையும் மட்டும் எடுத்துப் படிப்பவருக்கு இது வாக்குத் தவறியதாகவே படும்.

கசப்பான இடங்களையும் தாண்டிப் போகக் கூடாது. அரிவாள் செல் மரபணு போன்றவற்றைச் சுமக்கும் இளைஞர்களின் நெற்றியில் பச்சை குத்தி அடையாளமிட வேண்டும் என்று 1968இல் ஒரு சட்ட இதழில் பாலிங் எழுதினார். நோய்த் துன்பத்தைக் குறைக்க வேண்டும் என்ற அதே நம்பிக்கையிலிருந்து பிறந்த யோசனைதான் அது. ஆனால் அந்த அடையாளத்தைச் சுமக்க வேண்டியவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே நிறத்தால் ஒதுக்கப்பட்ட கறுப்பின மக்கள் என்பதை அவர் எடைபோட்டதாகத் தெரியவில்லை. இதை முன்பின் கடிதங்களோடு சேர்த்து வையுங்கள்; தனியே பெயர்த்தெடுத்து மொத்த மனிதருக்கும் தீர்ப்பு எழுதுவது எளிது, ஆனால் ஆய்வாகாது.

பிற்காலத்தை முற்காலத்துக்குள் திணிப்பதும் தவறு. ஹைட்ராக்ஸியூரியா என்ற மருந்து அரிவாள் செல் நோய்க்கென அமெரிக்காவில் ஏற்கப்பட்டது 1998இல். மரபணுத் திருத்தச் சிகிச்சை அங்கே அனுமதி பெற்றது 2023 டிசம்பரில். 1949ஆம் ஆண்டுக் கடிதத்தில் சிகிச்சை பற்றி வரும் ஒரு வரியை இந்தத் தேதிகளை நோக்கிய தீர்க்கதரிசனமாகப் படிக்க வேண்டாம். மரபணு எந்தப் பொருளாலானது என்பதே அன்று பலருக்கு உறுதியாகத் தெரியாது.

நோயாளிகளின் கடிதங்கள்

பெயர்பெற்ற அறிவியலாளரின் பெட்டிகளில் நோயாளிகளும் பெற்றோரும் எழுதிய கடிதங்கள் நிறைய இருக்கும். பாலிங் 1970இல் வைட்டமின் சி பற்றிய நூலை வெளியிட்டபின் அவற்றின் எண்ணிக்கை பெருகியது. ஆய்வுக்கூடத்தில் பேசப்பட்ட நம்பிக்கை வெளியே எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதற்கு இவற்றைவிட நல்ல சான்று இல்லை. ஆனால் எழுதியவர்கள் தம் உடல்நிலையை ஒரு மனிதரிடம் சொன்னார்கள், உலகத்திடம் அல்ல. காப்பகம் தடை விதிக்காத கடிதமாக இருந்தாலும் பெயர், ஊர், அடையாளம் காட்டும் விவரம் எதையும் உங்கள் எழுத்தில் சேர்க்காதீர்கள். உங்கள் விரிதாளிலும் முதலெழுத்துகூட வேண்டியதில்லை, கோப்புறை எண் போதும். அவர் அனுப்பிய பதிலையே கவனமாகப் பாருங்கள்: எவ்வளவு வாக்களிக்கிறார், எங்கே மருத்துவரிடம் போகச் சொல்கிறார், எங்கே தம் கருத்தை மட்டும் சொல்லி நிறுத்துகிறார்.

கடைசியாக, ஒரு முக்கியமான கடிதத்தைக் கண்டால் அதன் மறுமுனையைத் தேடுங்கள். ராக்ஃபெல்லர் அறக்கட்டளை அதிகாரிகள் தங்கள் சந்திப்புகளை நாட்குறிப்பாக எழுதி வந்தனர்; நியூயார்க் மாநிலத்தின் ஸ்லீப்பி ஹாலோவிலுள்ள அதன் காப்பகத்தில் வீவரின் குறிப்புகள் இருக்கின்றன. பாலிங்கின் கார்பன் பிரதியில் இல்லாத கையெழுத்துச் சேர்க்கை, பெறுநரிடம் உள்ள மூலத்தில் இருக்கலாம். மேற்கோள் காட்டும்போது எந்த முனையின் பிரதியைப் பார்த்தீர்கள் என்பதை, பெட்டி எண்ணோடும் கோப்புறை எண்ணோடும் தவறாமல் குறிப்பிடுங்கள். தேடியும் கிடைக்காத கோப்புறைகளின் எண்களையும் அதே பட்டியலில் எழுதி வைத்தால், பின்னால் வருபவர் அதே பெட்டியை மறுபடி வரவழைக்க வேண்டியிராது.